நடுவுநிலைமையும் நன்றிக்கடனும்: நாடாளுமன்ற நலவாழ்வுக் குழுவின் நலன் அறிவிப்பு முறையும் கோலார் தங்கவயலும்

முன்னுரை

ஒரு பொருளைப் பற்றி முடிவு கூறும் இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு அப்பொருளில் தனக்கென ஒரு நலனும் இருக்குமாயின், அவர் செய்யத்தக்கது யாது? விலகுவதா, அறிவித்துவிட்டுத் தொடர்வதா, தம் மனச்சான்றை நம்பி வாளாவிருப்பதா? பொதுவாழ்வின் பழமையான அறவினாக்களுள் இதுவும் ஒன்று. இக்கால நாடாளுமன்றங்கள் இவ்வினாவிற்கு 'நலன் அறிவிப்பு' என்னும் நடைமுறையை விடையாகக் கண்டுள்ளன. அவ்விடை போதுமானதா என்பதை, சுகாதாரம் மற்றும் குடும்பநலத்திற்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் பணிமுறையைக் கொண்டும், கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதித் தொழிலாளர் வரலாற்றைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நலன் என்பதைப் பொருளாதாயமாக மட்டும் கொள்ளும் இன்றைய முறை, நன்றிக்கடன் என்னும் நுண்ணிய பிணிப்பைக் காணத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

அதிகார வைப்புமுறை உணர்த்தும் அறம்

திருக்குறளில் நடுவுநிலைமை பன்னிரண்டாம் அதிகாரமாக அமைந்துள்ளது. அதற்கு முன் நிற்பது செய்ந்நன்றி அறிதல். இவ்வைப்புமுறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமக்கு நன்மை செய்தவரிடத்து அந்நன்மையை நினைக்கும்பொழுது நடுவுநிலைமை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே செய்ந்நன்றி அறிதலின் பின் இது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்தின் சாரம்.

இங்கு ஒரு நுட்பம் புலனாகிறது. நடுவுநிலைமைக்குப் பகையாவது பேராசை என்றுதான் எவரும் எளிதில் கூறுவர். பரிமேலழகரோ பேராசையை இங்குச் சுட்டவில்லை. ஓர் அறத்தையே சுட்டுகிறார். நன்றியுணர்வு தீக்குணம் அன்று. அதனை மறத்தல் மீட்சியற்ற குற்றம் என்று முந்திய அதிகாரம் வற்புறுத்துகிறது. அத்தகைய நற்குணமே நடுவர் இருக்கையில் அமரும்பொழுது இடையூறாகிறது. கையூட்டுப் பெற்றவனுக்குத் தான் தவறியது தெரியும். நன்றியால் சாய்ந்தவனோ தான் அறத்தில் நின்றதாகவே நம்புவான். ஆதலின் பின்னையதே கண்டறிதற்கு அரிது எனலாம்.

வாரியமும் தகுதி விலக்கும்

குழு அமைத்துப் பொதுப்பணி ஆற்றுதலும், அக்குழுவில் இடம்பெறத் தகாதாரை வரையறுத்தலும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் முதலிய குழுக்களைக் குறிப்பிடுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர்.

உறவு என்பது பணமாகக் கணக்கிட இயலாதது. எனினும் அது தீர்ப்பைச் சாய்க்க வல்லது என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர். அதே வேளையில் அம்முறையின் எல்லையும் சுட்டத்தக்கது. அது ஒரு பிரமதேயத்துச் சபை. இறை செலுத்தும் கால்வேலி நிலமும் தன் மனையில் கட்டிய வீடும் உடையவர்க்கே அங்கு இடமிருந்தது. பொன்னை மாற்றுப் பார்க்க வாரியம் இருந்தது. மண்ணில் உழைத்தவன் அச்சபையில் இல்லை. தகாதாரை விலக்கும் விதி, தக்காரை உள்ளே கொணரும் விதி ஆகாது என்பது இதனால் பெறப்படுகிறது.

நலவாழ்வுக் குழுவின் பணிமுறை

இந்திய நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993ஆம் ஆண்டு அமைக்கப்பெற்றன. தொடக்கத்தில் 17ஆக இருந்த இவற்றின் எண்ணிக்கை 2004இல் 24ஆக உயர்த்தப்பட்டது. அவற்றுள் சுகாதாரம் மற்றும் குடும்பநலக் குழு மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இயங்குவது. மக்களவையினர் 21 பேரும் மாநிலங்களவையினர் 10 பேருமாக 31 உறுப்பினர் ஒரு குழுவில் இடம்பெறுவர். அமைச்சர்கள் உறுப்பினராக இயலாது.

அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆராய்தல், அனுப்பப்படும் சட்ட முன்வடிவுகளை ஆய்தல், ஆண்டறிக்கைகளையும் நெடுநோக்குக் கொள்கை ஆவணங்களையும் பரிசீலித்தல் ஆகியன குழுவின் பணிகள். துறையின் அன்றாட நிருவாகத்தில் அது தலையிடாது. கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் நடைபெறும். துறைச் செயலர்களும் வல்லுநர்களும் சாட்சிகளாக அழைக்கப்படுவர். உடன்படாத உறுப்பினர் தம் மாற்றுக் கருத்தை அறிக்கையோடு இணைக்கலாம். குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல, அறிவுரைத் தன்மையுடையன. ஆயினும் அவற்றின்மீது எடுத்த நடவடிக்கையை அரசு குழுவிற்குத் தெரிவித்தல் வேண்டும்.

பிறருடைய நலன் முரணைக் கண்டறிவதில் இக்குழு கூர்மையாகச் செயற்பட்டுள்ளது. 2012 மே மாதம் அளித்த 59ஆம் அறிக்கையில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயற்பாட்டை அது ஆராய்ந்தது. புதிய மருந்துகளுக்கு ஆதரவாக வெவ்வேறு ஊர்களிலிருந்து வல்லுநர் பலர் எழுதிய கருத்துரைகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தமையை எடுத்துக்காட்டி, அவற்றின் பின்னால் மருந்து நிறுவனங்களின் கை இருக்கக்கூடும் என ஐயுற்றது. 2013 ஆகஸ்டில் வெளிவந்த 72ஆம் அறிக்கை, ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதரா மாவட்டத்திலும் சிறுமியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி செலுத்திய திட்டத்தைப் பற்றியது. அத்திட்டத்தை விசாரிக்க அரசு அமைத்த குழுவினரின் நலன் முரண் முன்கூட்டியே ஆராயப்படாமையை அவ்வறிக்கை குறையாகச் சுட்டியது. பிறரை இவ்வாறு வினவும் அவை, தன் உறுப்பினரை எவ்வாறு வினவுகிறது என்பது அடுத்து எழும் வினா.

நலன் அறிவிக்கும் முறை

மாநிலங்களவை 1997ஆம் ஆண்டு நெறிமுறைக் குழுவை அமைத்தது. பின்னர் அவ்வவையின் 293ஆம் விதியின்கீழ் உறுப்பினர் நலன்களுக்கான பதிவேடு பேணப்படலாயிற்று. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, தொடர் ஊதியப் பணி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவிலான பங்குரிமை, ஊதியத்துடன் கூடிய ஆலோசனைப் பணி, தொழில்முறை ஈடுபாடு ஆகிய ஐந்தும் அதில் பதியப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் பொருளில் தமக்குத் தனிப்பட்ட நலனோ பணநலனோ இருப்பின் உறுப்பினர் அதனை அறிவித்தல் வேண்டும் என்பது 294ஆம் விதி. மக்களவை தன் உறுப்பினருக்கென 2004இல் சொத்து, கடன் அறிவிப்பு விதிகளை வகுத்தது. சொத்து விவரம் ஒருவர் எவ்வளவு உடையவர் என்பதைக் கூறும். யாரோடு பிணைக்கப்பட்டவர் என்பதைக் கூறாது.

மக்களவையின் 255ஆம் விதி, குழுவொன்றில் ஒருவர் இடம்பெறுவதை எதிர்க்க வழிசெய்கிறது. அதன்படி எதிர்ப்புக்குரிய நலன், அவ்வுறுப்பினருக்கே நேரடியாகவும் தனியாகவும் உரியதாதல் வேண்டும். பொதுமக்கள் அனைவருக்குமோ ஒரு வகுப்பினர்க்கோ பொதுவான நலன் ஏற்கப்படாது. இவ்வரையறை இருமுனை உடையது. தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் தொழிலாளர் நலம் பற்றிய குழுவில் அமர இது இடந்தருகிறது. தொழில் உரிமையாளர் ஒருவர் தம் நலனைத் தொழில்துறை முழுமைக்குமான நலன் என்று கூறி அமரவும் இதுவே இடந்தருகிறது.

2015ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குச் சான்று. புகையிலைப் பொருள்களின் உறையில் எச்சரிக்கைப் படம் 85 விழுக்காட்டுப் பரப்பை நிரப்ப வேண்டும் என்னும் விதி அவ்வாண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. அதனை ஆராய்ந்த மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழு, விதியை நிறுத்திவைக்கக் கோரியது. அக்குழுவில் பீடித் தொழில் உரிமையாளர் ஒருவரும் உறுப்பினராக இருந்தார் என்பது அப்பொழுது பெரும் விவாதமாயிற்று. விதி ஓராண்டு தள்ளிப்போய், 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஈண்டு எவரும் எதையும் மறைக்கவில்லை. அவர் தொழில் ஊரறிந்தது. ஆகவே, அறியப்பட்டிருத்தல் வேறு, அதற்கு விடையிறுத்தல் வேறு என்பது தெளிவாகிறது. அறிவிப்பு என்பது முடிவன்று, தொடக்கமே ஆகும்.

இதற்கு மறுப்பாக ஒரு வாதம் கூறப்படுவதுண்டு. நலன் உடையவர் அனைவரையும் விலக்கினால் நலவாழ்வுக் குழுவில் மருத்துவர் ஒருவரும் இருக்க இயலாது. அறிவு வேண்டுமெனில் அவ்வறிவோடு வரும் பிணிப்பையும் ஏற்கத்தான் வேண்டும் என்பது அவ்வாதம். இதில் உண்மை உண்டு. ஆயின் இவ்வாதம் நாடுவது விலக்கின்மையை மட்டுமே, வினவப்படாமையை அன்று. அறிவுடையவரைக் குழுவில் வைத்துக்கொண்டே அவர்தம் பிணிப்பை எடைபோட இயலும். அவ்வாறு எடைபோட, பிணிப்பின் வகைகள் யாவை என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மைசூர் மைன்ஸ்: கடன்பட்ட ஊர்

பதிவேட்டின் ஐந்து பிரிவுகளுக்குள் அடங்காத பிணிப்பு எத்தகையது என்பதை அறியக் கோலார் தங்கவயலைப் போன்று விளக்கம் தரும் இடம் வேறில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனத்தின் நிருவாகத்தில் இங்குச் சுரங்கங்கள் வளர்ந்தன. அவற்றுள் முதலில் செழித்தது மைசூர் சுரங்கம். மாரிகுப்பத்தை ஒட்டிய அப்பகுதியை மக்கள் இன்றும் மைசூர் மைன்ஸ் என்றே வழங்குகின்றனர். வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிவந்த தமிழரே தொழிலாளருள் பெரும்பான்மையர். அவருள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழன் இதழ் 1914இல் அவர் மறைவிற்குப் பின் நின்றுபோய், 1926இல் ஜி. அப்பாதுரையாரால் இவ்வூரிலிருந்தே மீண்டும் வெளியிடப்பெற்றது என்பது இங்கு வாழ்ந்தோரின் சிந்தனை வளத்தைக் காட்டும்.

ஊரில் வேலை தந்தது நிறுவனம். குடியிருந்த லைன் வீடு நிறுவனத்தினது. குடிநீரும் மருத்துவமனையும் நிறுவனம் தந்தவை. உயிர்வாழ்க்கைக்கு வேண்டியன யாவும் ஒரே கையிலிருந்து வந்த ஊரில், அக்கையைப் பற்றித் தீர்ப்புரைப்பது எளிதன்று. அவ்வூர் பணிந்தே கிடந்தது என்பதும் பொருந்தாது. 1930இல் பெருவிரல் ரேகைப் பதிவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் சுரங்கங்களை நிலைகுலைத்தது. ஆயினும் எதிர்ப்பதற்கும் நடுவுநிலையில் நின்று அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. அளப்பதற்குச் சார்பற்ற ஓர் இடம் வேண்டும். அவ்விடம் அவ்வூரில் இல்லை.

பாறையைத் துளைக்கும்பொழுது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகி மூச்சைச் சுருக்கும் நோய் சிலிக்கோசிஸ். அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. தூசியைத் தடுத்தல் ஒன்றே வழி. பிரித்தானிய நாடாளுமன்றம் இந்நோய்க்கு இழப்பீடு வழங்க வழிசெய்யும் சட்டத்தை 1918இலேயே இயற்றியது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்தே என மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்த அவ்வாய்வு, அவருள் ஐந்தில் இரு பங்கினருக்கு மேல் இந்நோய் கண்டிருந்ததைக் காட்டியது. சுரங்கப்பணி தொடங்கி அப்பொழுது 60 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

மருத்துவன் ஒருவன் தொழிலாளியின் நெஞ்சுப் படத்தைப் பார்த்து, இது சிலிக்கோசிஸ் என்று எழுதுவது வெறும் நோய்க்குறிப்பு அன்று. அது ஒரு தீர்ப்பு. அதனால் நிறுவனத்திற்குப் பொறுப்பு உண்டாகிறது. காசநோய் என்று எழுதினால் அப்பொறுப்பு இல்லை. இரண்டும் மூச்சுத்திணறலாகவும் இருமலாகவும் வெளிப்படுவதால் ஐயத்திற்கு எப்பொழுதும் இடமுண்டு. அவ்வையத்தில் எப்பக்கம் சாய்வது என்பதே அறச்சிக்கல். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட நோய் இருப்பதாகக் கருதும் மருத்துவர் அதனைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. நிறுவனம் தந்த வீட்டில் வாழ்ந்து, நிறுவனத்தின் ஊதியம் பெற்று, மேலாளரோடு நட்புப் பூண்ட மருத்துவர் நேர்மையாளராகவே இருக்கலாம். அவர் நேர்மையை ஐயுறுதல் இங்கு நோக்கமன்று. நேர்மையாளரையும் ஐயத்திற்குரிய இடத்தில் நிறுத்தும் அமைப்பையே நோக்குதல் வேண்டும். பரிமேலழகர் சுட்டிய நன்றியின் இடர் இதுவே.

இவ்விடர் உலகளாவியது. 1930 ஆகஸ்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிலிக்கோசிஸ் பற்றிய மாநாட்டை ஜோகன்னஸ்பர்க் நகரில் கூட்டியது. அதற்குப் பொருளுதவி செய்தது அந்நாட்டுச் சுரங்க உரிமையாளர் அமைப்பு. விருந்தளித்தவரைப் பற்றி விருந்தினர் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

பணிப்பகுப்பில் மறையும் நுரையீரல்

தனிமனிதர்க்கு உள்ளது போன்றே நிறுவனங்களுக்கும் நன்றிக்கடன் உண்டு. கோலார் சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மைய அரசுக்கும் உரிமையாகி, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின, 2001இல் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்தை ஆராய 1990இல் அமைக்கப்பெற்ற தேசிய நிறுவனம் சுரங்க அமைச்சகத்தின்கீழ் இயங்கியது. கனிமம் எடுப்பதை வளர்க்கும் அமைச்சகமே, அதனால் விளையும் நோயை அளக்கும் நிறுவனத்திற்கும் படியளந்தது. 2019இல்தான் அந்நிறுவனத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த அகமதாபாத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தோடு இணைக்க மைய அமைச்சரவை முடிவெடுத்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் இப்பிணிப்பு நலன் முரணாகக் கருதப்படவே இல்லை. காரணம், அதில் எவருக்கும் பணம் கைமாறவில்லை.

நிலைக்குழுக்களின் பணிப்பகுப்பும் இங்கு எண்ணத்தக்கது. குழுக்கள் அமைச்சக வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் தொழிலாளர் அமைச்சகத்தைச் சார்ந்தது. ஆகவே அது தொழிலாளர் நலக் குழுவின் பார்வைக்குரியது. சுரங்க நிறுவனம் சுரங்க அமைச்சகத்தினது. அது நிலக்கரி, எஃகு ஆகியவற்றோடு சுரங்கத்தையும் கவனிக்கும் குழுவிற்குரியது. மருத்துவமும் மருத்துவ ஆராய்ச்சியும் நலவாழ்வுக் குழுவிற்குரியன. ஒரே தொழிலாளியின் நுரையீரல் மூன்று குழுக்களுக்கிடையே பங்கிடப்படுகிறது. மூவருக்கும் பொதுவானது ஒருவருக்கும் பொறுப்பாகாமல் போதல் இயல்பு. எதனை ஆராய்வது என்று ஆண்டுதோறும் பொருள் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே நடுவுநிலைமை தொடங்கிவிடுகிறது. ஆராயப்படாமல் விடப்பட்ட பொருளில் எவரும் நலன் அறிவிக்க வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டோரின் நலன்

தன் மூச்சே வழக்குப்பொருளாக இருக்கும் தொழிலாளியும் நலன் உடையவன்தானே என்னும் வினா எழலாம். இவ்வினாவைக் கொண்டு, உரிமையாளர் நலனும் தொழிலாளி நலனும் ஒன்றையொன்று ஈடுசெய்வன எனவும், ஆகவே இருவரையும் ஒருங்கே விலக்குதலே நடுவுநிலைமை எனவும் வாதிடுவர். இது தராசின் இரு தட்டுகளையும் வெறுமையாக்கிவிட்டு, முள் நேராக நிற்கிறது என்பதை ஒக்கும்.

ஆதாய நலன் வேறு, பாதிப்பு நலன் வேறு. முன்னது முடிவினால் வரும் ஊதியத்தைச் சார்ந்தது. அதனை விட்டு விலகுதல் ஒருவரால் இயலும். பின்னது உடலைச் சார்ந்தது. அதனை விட்டு விலகுதல் இயலாது. முன்னதை உடையவர் தம் நலனை அறிவிக்காவிடில் உண்மை மறைகிறது. பின்னதை உடையவர் அழைக்கப்படாவிடிலும் உண்மை மறைகிறது. ஆதலின் முன்னவருக்கு உரியது வினவப்படும் கடமை. பின்னவருக்கு உரியது கேட்கப்படும் உரிமை. தீர்ப்பளிப்போராக இருவரும் ஒருங்கே விலகினும், சாட்சியாகப் பின்னவர் இடம்பெறுதல் இன்றியமையாதது.

இவ்வேறுபாடு பழங்கதையைப் பற்றியதன்று. தங்கவயலில் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சுரங்கக் கழிவு, சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. காற்று வீசும் காலத்தில் அதன் தூசி குடியிருப்புகளின்மேல் படிகிறது. 2024இல் 13 கழிவு மேடுகளிலிருந்து எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேட்டைக் கிளறினால் எழும் தூசியை யார் அளப்பர், அவருக்குப் படியளப்பவர் யார், அளந்ததை எக்குழு கேட்கும் என்பன இனி விடை காண வேண்டிய வினாக்கள். வேலை வேண்டும் என்னும் நலனும் மூச்சு வேண்டும் என்னும் நலனும் ஒரே குடும்பத்தில், சிலவேளை ஒரே மனிதனிடத்தில், கூடியிருக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. அவ்விரண்டையும் அவரே சொல்லக் கேட்பதன்றி அறிய வேறு வழியில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. நடுவுநிலைமையைச் சிதைப்பது பேராசை மட்டும் அன்று; நன்றியுணர்வும் அதனைச் சிதைக்க வல்லது. அதிகார வைப்புமுறைக்குப் பரிமேலழகர் கூறிய விளக்கம் இதனைத் தெளிவுறுத்துகிறது.

2. நாடாளுமன்ற நலன் பதிவேடு பொருளாதாயத்தை மட்டுமே கணக்கிடுகிறது. எவர் தந்த பதவி, எவர் அளித்த வாய்ப்பு, எவரோடு கொண்ட நெடுநாள் உறவு என்னும் வினாக்களுக்கும் அதில் இடம் வேண்டும். பத்தாம் நூற்றாண்டு ஊர்ச்சபை உறவைக் கணக்கில் கொண்டது எண்ணத்தக்கது.

3. அறிவித்தல் கடமையின் தொடக்கம். அறிவித்தவரை வினவுதல், வேண்டுமிடத்து அப்பொருளுக்கு மட்டும் விலகச் செய்தல் ஆகியன அதனைத் தொடர்தல் வேண்டும்.

4. நிறுவனங்களுக்கும் நலன் அறிவிப்பு வேண்டும். அளப்பவருக்குப் படியளப்பவர் யார் என்பது அறிக்கையின் முதற்பக்கத்திலேயே இடம்பெறத்தக்கது.

5. பாதிக்கப்பட்டோரின் நலனை ஆதாய நலனோடு ஒருநிறையாக வைத்தல் நடுவுநிலைமை ஆகாது.

நன்றி மறவாமையும் நடுவு பிறழாமையும் ஒருசேர வேண்டும் என்பதாலேயே திருக்குறளில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடுமாறு வள்ளுவம் கூறவில்லை. தாம் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை மறவாது வெளிப்படக் கூறுதல் நன்றியறிதல். கூறியபின் தீர்ப்பைப் பிறர் கையில் விடுதல் நடுவுநிலைமை. நாட்டின் நலவாழ்வை ஆராயும் குழுவிற்கு மைசூர் மைன்ஸ் தொழிலாளரின் வரலாறு உணர்த்தும் அறம் இதுவே எனலாம்.